எஞ்சினின் லெவலைக் குறைத்தால் அது மனிதரைப் போல ஆடுமா?

கோட்டைவாசல் | 11 ஜனவரி 2025, காலை

பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறவர்களுக்கு ஒரு கேள்வி. 1200, 1300 ரேட்டிங்கில் இருக்கும் பையனுக்கு எதிரே ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினை லெவல் குறைத்து உட்கார வைத்தால், பத்து நகர்த்தல் மாஸ்டர் மாதிரி ஆடுகிறது. பதினோராவதில் குதிரையை வெட்டினால் திரும்ப வெட்டாமல் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளுகிறது. எந்த மனிதரும் இப்படித் தோற்பதில்லை. மனிதரைப் போல ஆடும் புரோகிராம் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறதா, இல்லை எல்லாம் விளம்பரமா? கணக்குப் போடும் மெஷினுக்கு அது வராது என்பது என் கட்சி.

பழைய கடிகாரம் | 11 ஜனவரி 2025, இரவு

நீங்கள் சொன்ன ஓரத்துச் சிப்பாய் தற்செயல் இல்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷின் மூலநிரலிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது.

ஸ்கில் லெவல் 0 முதல் 20 வரை. 20-க்குக் கீழே எதை வைத்தாலும் எஞ்சின் குறைந்தது நான்கு நகர்த்தல்களைத் தனித்தனியாக மதிப்பிட்டு வைத்துக்கொள்ளும். தேடல் ஆழம் (எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கிறது என்பது) 'லெவல் கூட்டல் 1' ஆனதும் அந்த நான்கில் ஒன்றைப் பொறுக்கும். பொறுக்குவதற்கு ஒரு 'பலவீன எண்' உண்டு: 120-லிருந்து லெவலின் இரு மடங்கைக் கழித்தால் அந்த எண். மோசமான நகர்த்தல் முதலிடத்திலிருந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ, அதில் 128-க்குப் பலவீன எண் என்ற விகிதத்தில் மன்னிப்பு கிடைக்கும். அதற்கு மேல் ஒரு தற்செயல் எண் சேரும். அந்தத் தற்செயலின் உச்சம் ஒரு சிப்பாயின் மதிப்பைத் தாண்டாது.

லெவல் 0-க்குப் போட்டுப் பாருங்கள். பலவீன எண் 120. மன்னிப்பு போக மிச்சம் 128-க்கு 8, அதாவது பதினாறில் ஒரு பங்கு. ஸ்டாக்ஃபிஷ்ஷின் உள் அளவில் சிப்பாய் 208, குதிரை 781, ராணி 2538. குதிரையை இழக்கும் நகர்த்தலுக்கு மிஞ்சும் அபராதம் 49தான். தற்செயலோ 0-லிருந்து 193 வரை ஓடுகிறது. ஆகவே குதிரை சர்வ சாதாரணமாகப் போகும். ராணிக்கு அபராதம் 159; அதுகூட எப்போதாவது போகும்.

லெவல் 10-ல் பலவீன எண் 100. குதிரைக்கு அபராதம் 171 ஆகிறது, தற்செயலின் உச்சம் 161. ஒரு முழுக் குதிரையைச் சும்மா விடாது, ஆனால் சிப்பாய்க்கு அபராதம் 45தான் என்பதால் சிப்பாயைத் தாராளமாக விடும்.

ஓட்டைச் சிப்பாய் | 12 ஜனவரி 2025

ஆக, குடித்துவிட்டு ஆடும் கிராண்ட்மாஸ்டர். ஆனால் ஒரு சந்தேகம், சார். தற்செயலாகத்தான் பொறுக்குகிறது என்றால் ஆட்டம் முழுக்க அபத்தமாக அல்லவா இருக்க வேண்டும்? முதல் பத்து நகர்த்தல் மட்டும் எப்படிச் சுத்தமாக வருகிறது?

பழைய கடிகாரம் | 12 ஜனவரி 2025

'நான்கில் ஒன்று' என்பதில்தான் விஷயம். எல்லா நகர்த்தல்களிலிருந்தும் அது பொறுக்குவதில்லை. அமைதியான பொசிஷனில் சிறந்த நான்குமே ஏறக்குறைய ஒரே தரம். எதை எடுத்தாலும் நல்ல ஆட்டம்தான். எதிராளி ஒரு காயை வெட்டியதும் நிலைமை தலைகீழ். திரும்ப வெட்டுவது ஒன்றுதான் சரி, மற்ற மூன்றும் காய் நஷ்டம். நால்வரில் மூவர் பைத்தியம் என்ற நிலையில் சீட்டுக் குலுக்குகிறார்கள்.

மனிதர் இதற்கு நேர் எதிர். திரும்ப வெட்டுவதை 800 ரேட்டிங் பையனும் மறக்க மாட்டான், கை தானாகப் போகும். அவன் சறுக்குவது அமைதியான இடத்தில்: எதிரியின் பிஷப் தொலைதூரத்திலிருந்து பார்க்கும் கட்டத்தில் குதிரையை வைப்பான், பின்னோக்கி வரும் ராணியைக் கவனிக்க மாட்டான். எஞ்சின் வலுவாக இருக்கும் இடத்தில் மனிதர் பலவீனம், மனிதர் வலுவாக இருக்கும் இடத்தில் எஞ்சின் உளறுகிறது. பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சியே இல்லை. எதிராளி காயைத் தானம் செய்யும் வரை காத்திருக்கக் கற்றுக்கொள்வார்கள்.

ஓட்டைச் சிப்பாய் | 12 ஜனவரி 2025

அப்போ ஸ்கில் லெவலை விட்டுவிட்டு 'யூசிஐ ஈலோ' என்ற ரேட்டிங் அமைப்பை வைத்து 1400 என்று கொடுத்தால்?

பழைய கடிகாரம் | 13 ஜனவரி 2025

அதே கிணறு, வேறு வாளி. கொடுக்கும் ஈலோவை உள்ளுக்குள் ஸ்கில் லெவலாக, தசம எண்ணாகக்கூட, மாற்றிக்கொண்டு இதே பொறுக்கல்தான் நடக்கிறது. வரம்பு இப்போது 1320 முதல் 3190 வரை. அந்த எண்கள் எஞ்சின்களுக்குள் மோதவிட்டு எடுத்தவை. சங்கப் போட்டியில் வாங்கும் 1400-க்கும் இதற்கும் சம்பந்தம் தேடாதீர்கள்.

கோட்டைவாசல் | 13 ஜனவரி 2025

என் கட்சி வலுத்துக்கொண்டே போகிறது போல இருக்கிறதே.

பழைய கடிகாரம் | 14 ஜனவரி 2025

பொங்கல் அன்றைக்கு வாதத்தை முடித்துவிடலாம் என்று பார்க்கிறீர்கள், நடக்காது. இதுவரை சொன்னது பலசாலியை முடமாக்கும் வழி. வேறு வழியும் இருக்கிறது: 'இங்கே எது சிறந்தது' என்று கேட்காமல், 'இந்த ரேட்டிங் உள்ளவர் இங்கே எதை ஆடுவார்' என்று கேட்பது.

அதுதான் மையா. டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 2020-ல் வெளியிட்டவை. லீலா (எல்சி0) என்ற செஸ் எஞ்சினின் நியூரல் நெட்வொர்க் அமைப்பை எடுத்துக்கொண்டு, தனக்குத்தானே ஆடிப் பழகுவதற்குப் பதிலாக லிசெஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களை ஊட்டினார்கள். 1100-லிருந்து 1900 வரை நூறு நூறாக ஒன்பது மாடல்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ரேட்டிங்காரர்களின் 1 கோடியே 20 லட்சம் ஆட்டங்கள். புல்லட் எனப்படும் மின்னல்வேக ஆட்டங்களை ஒதுக்கினார்கள். கடிகாரத்தில் 30 வினாடிக்குக் கீழே போன பிறகு ஆடியதையும் எடுக்கவில்லை, அதில் பதற்றம்தான் இருக்கும், யோசனை இருக்காது.

மனிதர் ஆடிய நகர்த்தலை மையா சரியாக ஊகிப்பது ஏறக்குறைய இரண்டில் ஒன்று. ஸ்டாக்ஃபிஷ் 40 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் நிற்கும். 50 சதவீதம்தானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஒரே பொசிஷனை ஒரே ஆளிடம் இரண்டு நாள் விட்டுக் கொடுத்தால் அவரே வேறு ஆடுவார். 100 என்பது இல்லாத இலக்கு.

சதவீதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. ஸ்டாக்ஃபிஷ்ஷின் ஆழத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும், பலசாலிகளின் ஆட்டத்தோடுதான் அது அதிகம் பொருந்துகிறது. ஆழம் குறைந்த ஸ்டாக்ஃபிஷ் 1100 ரேட்டிங்காரருக்கு நெருக்கமாகப் போவதில்லை. மையா 1100 மட்டும் 1100-ஐ ஒட்டியவர்களிடம் உச்சம் தொட்டு, மேலே போகப் போகச் சரிகிறது. பலவீனத்துக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ராப்பிட் ரசிகை | 14 ஜனவரி 2025

பலவீனத்தின் வடிவம் என்றதும் சிங்கப்பூர் நினைவுக்கு வந்தது. போன மாதம் 12-ம் தேதி, உலகப் பட்டத்தின் 14-வது ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் நடப்பு சாம்பியன் டிங் காய்களைச் சும்மா நகர்த்திக்கொண்டிருந்தால் டிரா. 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, யானைகளை மாற்றிக்கொள்ளலாம் என்றார். மாற்றினதும் குகேஷ் பிஷப்பை டி5-ல் வைத்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் மாட்டியிருந்தது, ஓட இடமில்லை. பிஷப்புகளும் மாறின, மிச்சம் இருந்த சிப்பாய் எண்ட்கேம் தோல்வி. 58-வது நகர்த்தலோடு முடிந்தது.

லெவல் குறைத்த ஸ்டாக்ஃபிஷ் இப்படித் தோற்குமா?

பழைய கடிகாரம் | 15 ஜனவரி 2025

அந்த நகர்த்தலையே அது ஆடலாம், சீட்டுக் குலுக்கலில் வந்துவிடும். ஆனால் அந்தக் காரணத்துக்காக ஆடாது. டிங்கின் தவறுக்குள் ஒரு யோசனை இருந்தது: காய் குறைந்தால் டிரா எளிது. நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியான யோசனை. பிஷப் நிற்கும் மூலை மட்டும் பார்வையிலிருந்து நழுவியது. மனிதத் தவறு என்று நான் சொல்வது இதைத்தான்: பொது விதி சரியாக இருக்கும், அன்றைக்கு அந்தக் கட்டத்தில் மட்டும் பொருந்தாது.

பான் நகரம், 2006 நவம்பர். டீப் ஃப்ரிட்ஸ் என்ற எஞ்சினுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் கிராம்னிக் 34-வது நகர்த்தலாக ராணியை இ3-ல் வைத்தார். அடுத்ததே எச்7-ல் மேட். உலக சாம்பியன் ஒரே நகர்த்தல் மேட்டைப் பார்க்கவில்லை. காரணம், எச்7 கட்டத்துக்குக் காவல் நின்றது எஃப்8-ல் இருந்த குதிரை. ராணிக்குத் துணையாக அந்த இடத்தில் குதிரை நிற்கும் மேட் அபூர்வம். ஜி5-ல் நின்றிருந்தால் சிறுவர்களுக்கும் கண்ணில் பட்டிருக்கும். லெவல் 3-க்கு மேல் வைத்த ஸ்டாக்ஃபிஷ் மற்ற காய்களையெல்லாம் தானம் கொடுத்தாலும் இந்த மேட்டில் மாட்டாது. மேட்டின் மதிப்பு அதன் கணக்கில் முப்பதாயிரத்துக்கு மேல். எந்த மன்னிப்பும் தற்செயலும் அதை ஈடுகட்டாது.

ஓட்டைச் சிப்பாய் | 15 ஜனவரி 2025

மனிதர் மாதிரி ஆடியதற்காக மெஷின் மேல் சந்தேகப்பட்ட கதையும் உண்டே! 1997, நியூயார்க். ஐபிஎம்மின் டீப் புளூ கணினி வினாடிக்கு 20 கோடி பொசிஷன் பார்க்கிறது. இரண்டாவது ஆட்டத்தில் ராணியை உள்ளே விட்டுச் சிப்பாய்களைப் பொறுக்காமல், 37-வது நகர்த்தலில் பிஷப்பை இ4-ல் நிறுத்தி எதிராளியின் மூச்சை அடைத்தது. எதிரே இருந்த உலக சாம்பியன் காஸ்பரோவ் ஆடிப்போனார், உள்ளே ஆள் இருக்கிறாரா என்ற அளவுக்கு.

பழைய கடிகாரம் | 16 ஜனவரி 2025

அதற்கு முந்தைய ஆட்டம்தான் இந்த இழைக்குப் பொருத்தம். முதல் ஆட்டத்தில் டீப் புளூ 44-வது நகர்த்தலாக யானையை டி1-க்குக் கொண்டுபோனது. அர்த்தமே இல்லை, தோற்கும் பொசிஷன் வேறு. வெகுதூரம் பார்த்துத்தான் இப்படி ஆடியிருக்க வேண்டும் என்று காஸ்பரோவ் தரப்பு எடுத்துக்கொண்டது. அது புரோகிராமில் இருந்த ஒரு பிழை என்று டீப் புளூவை உருவாக்கியவர்களில் ஒருவரான முர்ரே கேம்பல் பிற்பாடு சொன்னார். பார்க்கிறவரின் கற்பனையும் சேர்ந்துதான் 'மனிதத்தன்மை' தெரிகிறது. பிள்ளைகளிடம் 'இது ஒரு அக்கா ஆடுகிறார்' என்று சொல்லி எஞ்சினை உட்கார வைத்தால் பாதிப் பேர் நம்புவார்கள். அதனால் 'பார்த்தால் மனிதர் மாதிரி இருந்தது' என்ற சாட்சியத்தை நான் ஏற்பதில்லை. நகர்த்தலுக்கு நகர்த்தல் பொருத்திப் பார்த்த எண்ணிக்கை வேண்டும்.

கோட்டைவாசல் | 18 ஜனவரி 2025

சரி, பேச்சு போதும். மையாவை லேப்டாப்பில் எப்படி ஓட்டுவது?

பழைய கடிகாரம் | 18 ஜனவரி 2025

மையா தனி எஞ்சின் இல்லை, வெயிட் கோப்பு (நெட்வொர்க் கற்றுக்கொண்ட எண்கள்) மட்டும்தான். எல்சி0 எஞ்சினை இறக்கிக்கொள்ளுங்கள்; கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், சாதா சிபியு பதிப்பே போதும். மையா 1100, 1500, 1900 கோப்புகளை அதே ஃபோல்டரில் போட்டு, எல்சி0-வின் வெயிட்ஸ்ஃபைல் அமைப்பில் ஒன்றைக் காட்டுங்கள். க்யூட் செஸ், அரீனா போன்ற செஸ் பலகை மென்பொருள் எதில் வேண்டுமானாலும் யூசிஐ எஞ்சினாகச் சேர்க்கலாம்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது அடுத்த படியில். தேடல் வரம்பை 'நோட்ஸ் 1' (ஒரே ஒரு பொசிஷனை மட்டும் பார்ப்பது) என்று வைக்க வேண்டும். நேரக் கட்டுப்பாட்டில் விட்டால் எல்சி0 மரம் வளர்த்துத் தேட ஆரம்பிக்கும், ஆயிரக்கணக்கான நோட் போகும். பலம் ஏறும், மனிதரோடு பொருத்தம் இறங்கும். தேடலைச் சேர்த்தால் ஊகம் மோசமாகிறது என்று மையா குழுவே சோதித்துச் சொல்லியிருக்கிறது. 'மையா 1100 என்னைத் தோற்கடித்துவிட்டது' என்று புலம்புகிறவர்களின் அமைப்பைத் திறந்தால் பாதி இடத்தில் இதுதான் காரணம்.

இரண்டாவது, பொசிஷனை ஃபென் எழுத்தாக (பலகையின் அப்போதைய நிலையை மட்டும் சொல்லும் ஒரு வரி) ஒட்டாதீர்கள். நெட்வொர்க் முந்தைய சில பொசிஷன்களையும் வாங்கிப் பார்க்கிறது. எதிராளி கடைசியாக எங்கே ஆடினார் என்பது மனிதரின் கவனத்தை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு அதன் ஊகத்தையும் இழுக்கிறது. ஃபென் மட்டும் கொடுத்தால் அந்த வரலாறு இல்லாமல் போகும். ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து நகர்த்தல்களை வரிசையாக அனுப்புங்கள்.

கோட்டைவாசல் | 21 ஜனவரி 2025

நோட்ஸ் 1 வைத்தாயிற்று. இப்போது மூன்று தொந்தரவு. ஒவ்வொரு ஆட்டமும் ஒரே ஓப்பனிங். மையா 1100 நிச்சயமாக 1100 இல்லை, 1400 பையன் திணறுகிறான். பதில் கண் இமைக்கும் முன்னால் வந்து விழுகிறது, அதைப் பார்த்துப் பையனும் அவசரப்படுகிறான்.

பழைய கடிகாரம் | 21 ஜனவரி 2025

முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மையா 'அதிகம் பேர் ஆடும் நகர்த்தல்' எதுவோ அதையே எடுக்கிறது. ஒரு பொசிஷனில் 30 சதவீதம் பேர் சரியாக ஆடுகிறார்கள், மீதி 70 சதவீதம் பேர் பத்து விதமாகச் சொதப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறுகள் ஆளுக்கு ஒன்றாகச் சிதறிவிடும், சரியான நகர்த்தல் 30 வாக்கோடு ஜெயிக்கும். இந்த ஊர்க்கூட்டம் தனித்தனி ஆளைவிடப் பலசாலி. அதனால்தான் லிசெஸ் தளத்தில் 1100 மாடலின் ரேட்டிங் 1500-ஐ ஒட்டி நிற்கிறது. பையன் திணறுவது நியாயம்தான்.

சரிசெய்ய: எல்சி0-வில் 'வெர்போஸ் மூவ் ஸ்டாட்ஸ்' என்பதை ஆன் செய்தால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எத்தனை சதவீதம் என்று எழுதிக் காட்டும். கூடவே பாலிசி டெம்பரேச்சரை 1.0 ஆக்குங்கள், எல்சி0-வின் இயல்பு மதிப்பு அதைவிட அதிகம், சதவீதங்களைத் தட்டையாக்கிவிடும். பிறகு ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட் அந்தச் சதவீதப்படி குலுக்கி எடுக்கட்டும். ஓப்பனிங் தானாகப் பலவிதமாகும், பலமும் இறங்கும்.

ராப்பிட் ரசிகை | 22 ஜனவரி 2025

அப்படியே குலுக்கினால் வேறு வம்பு வரும். ஒரு நகர்த்தலுக்கு 1 சதவீத வாய்ப்புள்ள அபத்தம் இருந்தால், 40 நகர்த்தலில் ஒரு தடவையாவது அது வெளிவர வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஸ்டாக்ஃபிஷ் லெவல் 0-க்கே திரும்பி வந்த மாதிரி ஆகிவிடும். 3 சதவீதத்துக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டுக் குலுக்குவது மேல்.

பழைய கடிகாரம் | 22 ஜனவரி 2025

சரியான திருத்தம். நானும் 3 வைப்பேன், எண்ட்கேமில் 5.

ஆனால் அந்த 1 சதவீதமும் யாரோ ஒரு மனிதர் நிஜமாக ஆடியதுதான் என்பது உறுத்துகிறது. கோளாறு அந்த நகர்த்தலில் இல்லை, ஒரே ஆட்டத்துக்குள் நாற்பது வேறு வேறு ஆட்கள் வந்து போவதில் இருக்கிறது. எட்டாவது நகர்த்தலில் ராஜாவைத் தாக்கத் திட்டம் போட்டவர் ஒன்பதாவதில் எழுந்து போய்விட்டார். உட்கார்ந்த புது ஆள் ராணிகளை மாற்றுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் மனித நகர்த்தல், சேர்த்துப் பார்த்தால் மனிதர் இல்லை. கோட்டைவாசல் கட்சிக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் இது.

முழுசாக இல்லை. அதே குழு ஒருவரின் ஆட்டங்களை மட்டும் கொடுத்து மையாவைத் தனி ஆளுக்குப் பழக்கியும் பார்த்தது, ஊகம் கூடியது. இன்னொரு வேலையில், ஆடியவர் யார் என்று தெரிந்த 100 ஆட்டங்களை வைத்து, ஆயிரக்கணக்கானோரில் வேறு ஆட்டங்களை ஆடியது யார் என்று 98 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஆளுக்கு ஆள் கைரேகை இருக்கிறது, மெஷினுக்கு அது தெரிகிறது. இலவசமாகக் கிடைக்கும் ஒன்பது கோப்புகளில் அது இல்லை, அவ்வளவே. 2024-ல் வந்த மையா-2 ஒன்பதையும் ஒரே மாடலாக்கி, இரு தரப்பு ரேட்டிங்கையும் உள்ளீடாகக் கேட்கிறது; அங்கேயும் ஆள் இல்லை, ரேட்டிங்தான்.

பழைய கடிகாரம் | 23 ஜனவரி 2025

மூன்றாவது தொந்தரவு, நேரம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆலி என்ற மாடல், நகர்த்தலோடு 'மனிதர் இங்கே எவ்வளவு நேரம் யோசிப்பார்', 'எப்போது தோல்வியை ஒப்புக்கொள்வார்' என்பதையும் கற்றுக்கொள்கிறது. யோசிக்க வேண்டிய இடத்தில் மட்டும் தேடலையும் கூட்டுகிறது. உங்கள் ஸ்கிரிப்டுக்கு அவ்வளவு வேண்டாம். முதலிட நகர்த்தல் 90 சதவீதத்துக்கு மேல் என்றால் 1 முதல் 2 வினாடி, 30-க்குக் கீழே என்றால் 10 முதல் 20 வினாடி, இடையில் 4, 5. திரும்ப வெட்டுவது 90-க்கு மேல்தான் வரும், உடனே ஆடிவிடும். அது ஒன்றே பையனுக்கு எதிரே ஆள் இருப்பது போலத் தோன்ற வைக்கும்.

கோட்டைவாசல் | 27 ஜனவரி 2025

3 சதவீத வெட்டும் கால தாமதமும் போட்டாயிற்று, நன்றி. மிடில்கேம் வரைக்கும் என் கட்சியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் யானையும் ராஜாவும் வைத்துக்கொண்டு தனி ராஜாவை மேட் செய்யத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறதே? 1500 மாடலே இப்படி.

பழைய கடிகாரம் | 27 ஜனவரி 2025

தேடல் இல்லாததன் விலை அது. அந்த மேட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் ஒரே நோக்கத்தோடு போக வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஊகிப்பதற்கு அது வராது, 50 நகர்த்தல் விதியில் டிரா ஆகிவிடும். அதோடு, ஆன்லைனில் அந்த நிலை வருவதற்குள் எதிராளி பெரும்பாலும் ஒப்புக்கொண்டு போய்விடுகிறார், கற்றுக்கொள்ள ஆட்டங்களும் குறைவு.

பலகையில் ராஜாக்களைச் சேர்த்து ஐந்து காய்க்குக் கீழே இறங்கினால் குலுக்கலை நிறுத்திவிட்டு நோட்ஸை 50 அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். போதவில்லை என்றால் 200. டேபிள்பேஸை (கடைசிக் காய்களுக்கான பிழையற்ற விடைப் பட்டியல்) கொடுக்க வேண்டாம், கொடுத்தால் ஆட்டம் முழுக்க 1400 ஆக இருந்தவர் கடைசியில் கடவுளாகிவிடுவார். யானை-சிப்பாய் எண்ட்கேமுக்கு நான் நோட்ஸை ஏற்ற மாட்டேன். அங்கே 1500 ரேட்டிங்காரர்கள் நிஜமாகவே அப்படித்தான் சொதப்புகிறார்கள்.

ஓட்டைச் சிப்பாய் | 28 ஜனவரி 2025

தோற்றதும் மவுஸ் மேல் பழி போடும் வசதி எந்த வெர்ஷனில் வருகிறது?